முந்தியவர்க்கே ஊசியோ?

(கழகத் தோழர்களின் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



வரிசை என்பது நமக்குப் புதிதன்று. பங்கீட்டுக் கடையிலே வரிசை, வாக்குச் சாவடியிலே வரிசை, தண்ணீர் லாரி வந்தால் குடங்களின் வரிசை. குடம் தெருவிலே நிற்கும். குடத்துக்கு உரியவள் அடுப்படியிலே நிற்பாள். எனினும் அவளது இடம் அவளுக்கே. எவனேனும் நடுவிலே நுழைந்தால், "ஏனய்யா, எங்களைப் பார்த்தால் மனிதராகத் தெரியவில்லையா?" என்று கேட்க வாய் உண்டு, கேட்டால் அவன் விலக நியாயம் உண்டு. ஏனெனில், அந்த வரிசை கண்ணுக்குத் தெரியும்!

2021 மே திங்களில், கண்ணுக்குத் தெரியாத வரிசை ஒன்றிலே நம்மை நிறுத்தினார்கள். நமக்கு முன்னே யார், பின்னே யார், எத்தனை பேர், எவர் நுழைந்தார், எவர் தள்ளப்பட்டார் என எதுவும் தெரியாத வரிசை. அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். முடிந்துபோன கதையாயிற்றே, இப்போது ஏன் என்பீர்கள். துன்பத்தை மறப்பது மக்களின் இயல்பு. அந்த மறதியை நம்பிப் பிழைப்பது சிலரின் அரசியல். ஆகவே நினைவூட்டுவது நம் வேலையாகிறது.

2021 சனவரி 16 அன்று தடுப்பூசி இயக்கம் தொடங்கிற்று. முதலில் மருத்துவப் பணியாளர்க்கு. மார்ச் முதல் நாள் அறுபது கடந்தோர்க்கும், நோயுற்ற நாற்பத்தைந்து வயதினர்க்கும். ஏப்ரல் முதல் நாள் நாற்பத்தைந்து கடந்த அனைவர்க்கும். அதுவரை ஊசி இருந்தது, கை நீட்ட ஆளில்லை. அச்சம் இருந்தது, வதந்தி இருந்தது. பிறகு வந்தது இரண்டாம் அலை. சுடுகாடுகளில் நெருப்பு அணையவில்லை. ஆக்சிஜன் உருளைக்காக மகன்மார் நகரம் முழுதும் ஓடினர். ஏப்ரலிலே ஆளின்றிக் கிடந்த மையங்கள், மே மாதம் ஊசியின்றிக் கிடந்தன!

இந்த நாடு தடுப்பூசி வேண்டாம் என்றவர்களைப் பார்த்திருக்கிறது. ஆச்சாரியார்கூட 1955-இலே பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து எழுதியவர்தான். ஆனால், வேண்டும், வேண்டும் என்று கையை நீட்டிக்கொண்டு மக்கள் நிற்க, அந்தக் கையைத் தட்டிவிட்டு, "முதலில் கைப்பேசியை எடு" என்று சொன்ன ஆட்சியை அப்போதுதான் பார்த்தது.

ஆம், தோழர்களே! மே முதல் நாளிலிருந்து பதினெட்டு வயது முதல் நாற்பத்துநான்கு வரை உள்ளோர்க்கும் ஊசி உண்டு என்றது ஒன்றிய அரசு. ஆனால், நேரே வரலாகாதாம். கோவின் என்ற இணையத்தளத்திலே பதிந்து, நாளும் நேரமும் மையமும் குறித்து வாங்கிய பிறகே வரலாமாம். ஏப்ரல் 28 மாலை நான்கு மணிக்குப் பதிவு தொடங்கிற்று. முதல் நாளிலேயே ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிந்தனர். "பார்த்தீர்களா எங்கள் தொழில்நுட்பத்தை!" என்று பெருமை பேசப்பட்டது. பதிவு கிடைத்தது, நாள் கிடைத்ததா? பந்திக்கு அழைப்பிதழ் கோடிப் பேருக்குப் போயிற்று. இலை போட்டது எத்தனை பேருக்கு?

நான் நாடகம் எழுதுகிறவன். காட்சியாகச் சொன்னால்தான் எனக்கே மனம் ஆறும்.

இடம்: வடசென்னையில் நான் குடியிருந்த தெரு. காலம்: 2021 மே நடுவில் ஒரு மாலை. கல்லூரி வாயிலை மிதித்து, பட்டம் பெறாமலே திரும்பியவன் நான். எனினும் அந்தத் தெருவுக்கு நானே ஆங்கிலப் புலவன்! எதிர்வீட்டு அக்கா வருகிறார். வயது நாற்பத்திரண்டு. அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் துலக்குபவர்.

"தம்பி, ஊரடங்கு முடிஞ்சு வேலைக்கு வரணும்னா ஊசி போட்ட சீட்டு காட்டணுமாம். இல்லேன்னா கேட்டுக்குள்ளேயே விடமாட்டாங்களாம். எப்படியாச்சும் ஒரு நாள் வாங்கிக் குடு."

"உங்க நம்பர் சொல்லுங்கக்கா."

சொல்கிறார். என் கைப்பேசியிலே அந்த எண்ணை இடுகிறேன். உடனே ஓ.டி.பி. போகிறது. எங்கே? அந்த எண்ணுக்கு உரிய பொத்தான் கைப்பேசிக்கு. அது எங்கே? அக்காவின் கணவர் சட்டைப் பையிலே. அவர் எங்கே? துறைமுகத்திலே, மூட்டைக்குக் கீழே! நூற்று எண்பது நொடிக்குள் அந்த ஆறு இலக்கத்தை இட்டாக வேண்டும். மனிதரைக் கூப்பிடுகிறோம், மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கிறார். "ஏதோ இங்கிலீசுல வந்திருக்குது" என்கிறார். "அதுலே இருக்கிற நம்பரை மட்டும் படிங்க மாமா" என்று கத்துகிறேன். அவர் படிக்கத் தொடங்குகிறார்... நேரம் கடந்துவிட்டது. மீண்டும் முதலிலிருந்து.

மூன்றாம் முறை உள்ளே நுழைந்தோம். நுழைந்தால், திரை முழுதும் சிவப்பு. எந்த மருத்துவமனையைத் தொட்டாலும், எல்லா இடமும் பதிவாகிவிட்டது என்ற ஆங்கிலச் சொல். அஞ்சல் எண்ணை இட்டுத் தேடினால், மையமே இல்லை. இரவு ஒன்பது மணிக்கு எங்கோ ஓரிடத்தில் பச்சை தெரிந்தது. பன்னிரண்டு இடங்கள்! தொட்டேன். "நீ எந்திரமா, மனிதனா?" என்று சோதிக்க, கோணல் மாணலாகச் சில எழுத்துகளைக் காட்டி அவற்றை எழுதச் சொல்லிற்று. எழுதி முடித்தபோது பன்னிரண்டும் போயின. அப்படிப் பச்சையாகத் தெரிந்த இடமும் தனியார் மருத்துவமனைதான். ஜூன் 8 அன்று அரசு விதித்த உச்சவிலையே கோவிஷீல்டுக்கு 780 ரூபாய், கோவேக்சினுக்கு 1,410 ரூபாய் என்றால், நாள் கிடைத்திருந்தாலும் அக்கா என்ன செய்திருப்பார் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மொழியைப் பற்றி இரண்டு சொல். உயிர்காக்கும் ஊசிக்கான அந்தத் தளம் மாதக்கணக்கில் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. சூன் தொடக்கத்தில் இந்தியும் வேறு பல மொழிகளும் சேர்ந்தன. தமிழ்? இல்லை! தமிழ்நாட்டிலிருந்து குரல் எழுந்த பிறகே, சில நாள் கழித்து, தமிழ் வந்தது. மறந்துவிட்டார்களாம். எப்போது மறந்தாலும் நம்மையே மறக்கும் அந்த மறதிக்கு மருந்து எந்த ஆய்வுக்கூடத்தில் இருக்கிறதோ, அறியேன்.

அதே மே திங்களிலே, கணினி கற்ற இளைஞர் சிலர் சிறு நிரல்கள் எழுதினர். எங்கேனும் இடம் திறந்தால், டெலிகிராம் வழியே மணியடித்துச் சொல்லும். அவர்களை நான் குறை கூறேன், நல்லெண்ணத்தில் செய்தார்கள். ஆனால் அந்த மணி யார் காதில் விழுந்தது? திறன்பேசி உள்ளவர் காதில், ஓயாத இணையம் உள்ளவர் காதில், நொடியிலே விரல் ஓட்ட வல்லவர் காதில். வடபுலத்திலும் பிற மாநிலங்களிலும் நகரத்து இளைஞர்கள் சிற்றூர் மையங்களின் இடங்களைப் பிடித்து, காரிலே சென்று ஊசி போட்டுத் திரும்பினர். அந்த ஊர் மக்களோ தம் ஊர் மருத்துவமனை வாசலிலே, வேற்றூரார் கார்களை வேடிக்கை பார்த்து நின்றனர். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 2017-18-இலே சொன்னது என்ன? சிற்றூர்க் குடும்பங்களில் நூற்றுக்கு 14.9-இல்தான் இணைய வசதி, நகரத்தில் 42. அந்தக் கணக்கு ஆள்வோர் மேசையில்தான் இருந்தது.

"முந்தியவர்க்கு முதலில். இதில் என்னய்யா அநீதி? எல்லார்க்கும் ஒரே விதிதானே!" என்று கேட்டார் ஒரு நண்பர், படித்தவர், நல்லவர். தோழர்களே, இந்த வாதத்தை நாம் வேறெங்கோ கேட்டதில்லையா? "மதிப்பெண் பெற்றவர்க்கு இடம். இதில் என்ன அநீதி? எல்லார்க்கும் ஒரே தேர்வுதானே!" என்று சொன்னார்களே, அதன் உடன்பிறப்பு அல்லவா இது? வகுப்புவாரி ஆணை 1951-இலே உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தபோது அந்தக் குரல்தான் ஒலித்தது. தமிழகம் கொதித்தெழுந்தது, அதே ஆண்டு அரசியல் சட்டமே முதன்முறை திருத்தப்பட்டது. ஒருவனைக் குதிரைமீது ஏற்றி, மற்றவனை முள்ளிலே நிறுத்தி, "ஒரே கோடு, ஒரே விசில், ஓடுங்கள்" என்பது பந்தயமா? அன்று மதிப்பெண், பிறகு இணைய வேகம். குதிரைதான் மாறியது.

அதிலும் கொடுமை ஒன்றுண்டு. ஓடி முடித்தவனுக்கும் அங்கே பரிசு இல்லை! பதினெட்டு முதல் நாற்பத்துநான்கு வயதினர் ஐம்பத்தொன்பது கோடிப் பேர், தேவை 122 கோடி ஊசி என்று ஒன்றிய அரசே உச்ச நீதிமன்றத்தில் கணக்குக் கொடுத்தது. அந்த மே மாதத்தில் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து செய்தது பத்துக் கோடியைக்கூட எட்டவில்லை. வராத பேருந்துக்கு முன்பதிவு செய்யச் சொன்னார்கள். இடம் கிடைக்காதவன் என்ன நினைத்தான்? "என் விரல் மெதுவாக ஓடிற்று" என்று தன்னையே நொந்துகொண்டான். பற்றாக்குறையை மறைக்க அதைவிடச் சிறந்த திரைச்சீலை உண்டோ?

விலையையும் கேளுங்கள். அதே குப்பி, அதே மருந்து, அதே ஆலை. ஒன்றிய அரசுக்கு 150 ரூபாய். மாநில அரசுக்கு முதலில் 400, பிறகு 300. தனியார் மருத்துவமனைக்கு 600. வரியை வாங்கும் போது இந்தியா ஒன்று. ஊசியை வாங்கும் போது மாநிலங்கள் தனித்தனி! உலகச் சந்தைக்குப் போங்கள் என்றனர். தமிழ்நாடு மூன்றரைக் கோடி ஊசிக்கு உலக ஒப்பந்தப்புள்ளி கோரியது. ஒருவரும் வரவில்லை.

நம்மிடம் ஆலைகள் இல்லாமலா? கிண்டியிலே கிங் நிலையம் 1899 முதல் இருக்கிறது. அங்கே அம்மைப்பால் செய்தார்கள். குன்னூர்ப் பாசுட்டர் நிலையம் 1907 முதல். கிண்டியிலே பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் 1948 முதல். 2008-இலே குன்னூருக்கும், கிண்டி பி.சி.ஜி. கூடத்துக்கும், வடக்கே கசௌலிக்கும் உரிமம் நிறுத்தப்பட்டது, 2010-இல்தான் மீண்டது. செங்கற்பட்டிலே நூறு ஏக்கரில், பல நூறு கோடியில் கட்டிய தடுப்பூசி வளாகம், பெருந்தொற்றுக் காலத்திலும் ஒரு குப்பி மருந்து செய்யாமல் பூட்டிக் கிடந்தது. 2021 மே 25 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் சென்று பார்த்து, மாநிலத்திடமாவது கொடுங்கள் என்று கேட்டார். கொடுக்கவில்லை.

மே 24 அன்று, அரசு மையங்களில் நேரிலும் பதியலாம் என்று விதியைத் தளர்த்தினர். மே 31 நாளிட்ட ஆணையில் உச்ச நீதிமன்றம், அந்த வயதினர்க்கு வகுத்த கொள்கை, முதல் நோக்கில், தன்னிச்சையானது, அறிவுக்கு ஒவ்வாதது என்றது. கைப்பேசி இல்லாதவன் என்ன செய்வான் என்றும் கேட்டது. ஜூன் 7-இல் தலைமையமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றினார். 21 முதல் மாநிலங்களுக்கு ஊசி இலவசம் என்றார். நீதிமன்றம் கேட்டதைத்தானே மாநிலங்கள் அதற்கு முன்பே கேட்டன!

இனி, நம்மைப் பற்றிய ஒன்று. பிறர் முதுகை மட்டும் காட்டிவிட்டுப் போனால் இது பயிற்சி வகுப்பாகாது.

ஜூன் திங்கள். எங்கள் பகுதி மையத்திலே நேரில் வருவோர்க்கு டோக்கன். நாளொன்றுக்கு நூறு என்றால் முந்நூறு பேர் நிற்பர். முதல் நாள் இரவு தோழர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, கூட்டத்துக்கெல்லாம் போறவரு நீங்க. வச்சுக்கங்க" என்று ஒரு டோக்கனைக் கையில் திணித்தார். அன்பினால்தான் செய்தார். நானும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் பத்து மணிக்குப் போனேன்; ஊசி போட்டுக்கொண்டேன்; வெளியே வந்தேன். எதிர்வீட்டு அக்கா வாசற்படியிலே அமர்ந்திருந்தார். விடியற்காலை நான்கு மணியிலிருந்து நிற்கிறாராம். அவருக்கு முன்னே நின்றவரோடு டோக்கன் தீர்ந்துவிட்டதாம்.

"உனக்குக் கிடைச்சுதா தம்பி? நல்லது" என்றார்.

கோவினைத் திட்டிப் பத்து மேடையில் பேசியவன் நான்! கண்ணுக்குத் தெரிந்த வரிசையிலும், கண்ணுக்குத் தெரியாமல் நுழைந்தவன் நான்! ஏனய்யா நுழைகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறியிருக்கும்.

அடுக்குமாடி வேலை போயிற்று. அக்கா தெருமுனையிலே இட்லிக் கடை போட்டார். கடை காலையில், டோக்கனும் காலையில். வரிசையில் நின்றால் மாவு புளிக்கும். மாவைப் பார்த்தால் ஊசி இல்லை. சூலை போயிற்று, ஆகஸ்டும் போயிற்று.

செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாடெங்கும் நாற்பதாயிரம் முகாம்கள். இருபது இலட்சம் பேர்க்கு என்று குறி வைத்தனர். இருபத்தெட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டனர். முன்பதிவு இல்லை, கோணல் எழுத்துச் சோதனை இல்லை. நம் பாட்டன்மார் காலத்தில் அம்மை குத்துகிறவர் வீடு தேடி வந்தார். பிள்ளைகள் கட்டிலுக்கடியில் ஒளிந்தாலும் இழுத்துக் குத்திவிட்டுப் போனார். 1995 முதல் போலியோ சொட்டு மருந்தைப் பேருந்து நிலையத்திலும் திருவிழாவிலும் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். 2014-இலே போலியோ ஒழிந்த நாடு என்று சான்று பெற்றோம். வழி நமக்குத் தெரியாததன்று. தெரிந்த வழியைவிட்டு விலகிப் போயிருந்தோம், அவ்வளவுதான்.

எங்கள் தெருப்பள்ளியிலும் முகாம். கடையைக் கட்டிவிட்டு, கையிலே மாவு காயாமலே அக்கா வந்தார். செவிலித் தங்கை ஆதார் அட்டையைப் பார்த்துத் தானே எழுதிக்கொண்டாள். "நம்பர் ஏதும் வரணுமாம்மா?" என்று அக்கா கேட்டார். "நீங்க கையைக் காட்டுங்கம்மா, மத்தது நான் பார்த்துக்கிறேன்" என்றாள் அவள். நான் தள்ளி நின்று பார்த்தேன்.

சென்ற வாரம் அக்கா என்னைத் தேடி வந்தார். மகளைக் கல்லூரியிலே சேர்க்க வேண்டுமாம், விண்ணப்பம் இணையத்திலேதானாம். கையிலே அதே பொத்தான் கைப்பேசி. "தம்பி, இதுலே ஒரு நம்பர் வருமாம். வந்தா உடனே சொல்லணுமாம். இந்தத் தடவை மாமாகிட்டேருந்து முன்னாடியே வாங்கி வச்சுட்டேன்" என்றார்.

இருவரும் திண்ணையிலே உட்கார்ந்தோம்.