ஓரெழுத்தும் பல்பொருளும்

 

“வேதியியற் குறியீடுகள் அயலெழுத்துகள், ஆதலின் அதனைத் தமிழிற் கற்பித்தல் இயலாது” என்பார் இன்றும் உளர். அவர்க்கு விடையாகக் ‘கே’ என்னும் உரோமன் எழுத்து ஒன்றை மட்டும் ஈண்டு ஆராய்வோம்.

தனிமப் பட்டியலில் அது பொட்டாசியத்தைக் குறிக்கும். ஆனால், அப்பெயரின் ஆங்கில வடிவில் அவ்வெழுத்தே இல்லை! 1807இல் ஆங்கில அறிஞர் அம்பிரி டேவி, சாம்பற்காரத்தை உருக்கி மின்னோட்டம் செலுத்தி அத்தனிமத்தைப் பிரித்தார். ‘சட்டிச் சாம்பல்’ எனப் பொருள்படும் சொல்லினின்று பொட்டாசியம் எனப் பெயரிட்டார். செருமானியரோ சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்வழி வந்த ‘காலியம்’ என்னும் பெயரைக் கொண்டனர். இப்பெயரின் முதலெழுத்தே உலகக் குறியீடாயிற்று. அதனால் ஆங்கிலேயர் தம் பெயரைக் கைவிட்டனரா? இல்லை. நீர்வளியைச் செருமானியர் இன்றும் ‘நீர்ப்பொருள்’ எனத் தம் சொல்லாலேயே வழங்குகின்றனர். குறியீடு பொது; பெயர் அவரவர்க்கு உரியது.

அவ்வெழுத்தே எண்ணின் பின் நின்றால் வெப்பநிலை அலகாகிய கெல்வின் ஆகும். 1848இல் தனிமுதல் வெப்ப அளவை வகுத்த வில்லியம் தாம்சன், பின்னாளிற் பெற்ற பட்டப்பெயர் அது. அப்பட்டமும் கிளாசுக்கோ நகரில் அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் அருகே ஓடும் ஆற்றின் பெயரே. பனிக்கட்டி உருகும் வெப்பநிலை 273.15 கெல்வின்.

சமன்பாட்டினுள் பெரிய ‘கே’ சமநிலை மாறிலி. சிறிய ‘கே’ வினைவிரைவு மாறிலி. முன்னது, வினை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதைக் காட்டும்; பின்னது, எவ்வளவு விரைவாகச் செல்லும் என்பதைக் காட்டும். இரண்டையும் மயங்கக் கொண்ட மாணவன் கணக்கில் மட்டுமன்று, கருத்திலேயே இடறுவான். சிறிய ‘கே’ அலகின் முன் ஒட்டி நின்றால் ஆயிரம். அணுவைப் பற்றிப் பேசுங்கால் பெரிய ‘கே’, இரண்டு மின்னணுக்களுக்கே இடமுள்ள உட்கூடு.

அச்சில் மாறிலிகளைச் சாய்வெழுத்தாலும், அலகையும் தனிமத்தையும் நிமிர்ந்த எழுத்தாலும் பிரித்துக் காட்டுவர். கரும்பலகையில் அச்சாய்வு தோன்றாது. அங்கே பொருளை விளக்க வல்லது ஆசிரியரின் சொல் ஒன்றே! அச்சொல் மாணவனுக்கு விளங்கும் தாய்மொழிச் சொல்லாக இருத்தல் வேண்டாவா?

ஓரெழுத்துப் பல்பொருள் தருவது தமிழர்க்குப் புதுமையன்று. நன்னூலார் ஓரெழுத்தொருமொழி நாற்பத்திரண்டு என்றார். ‘மா’ மரமாகும், விலங்காகும், பெருமையாகும், இருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் கீழ்வாயிலக்கமும் ஆகும். இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் பயிற்சி நம் இலக்கணத்திலேயே உண்டு.

குறியீடுகளையும் தமிழெழுத்தாக மாற்றுவோம் என்று நம் அன்பர் சிலர் கூறுவர். அவர்தம் பற்றைப் போற்றுகின்றேன்; முடிபை ஏற்கிலேன். குறியீட்டுக்காகப் போராடிச் சொல்லை இழத்தல் வேலியைக் காத்து விளைவை விடுதலாகும். எழுத்து உலகுக்குப் பொதுவாக நிற்கட்டும். தனிமமும் அலகும் மாறிலியும் கூடும் தமிழ்ச்சொல்லால் விளக்கப்படட்டும். ‘கே’ என்று எழுதும் ஒவ்வோர் ஆசிரியரும், அவ்விடத்து அஃது யாதென ஒரு தமிழ்த்தொடரால் உரைப்பாராக! அதற்கு அரசாணை வேண்டா. நாளைய வகுப்பிலேயே தொடங்கலாம்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்வழிக் கல்வி!