டிராம் பாதையின் குறிமொழி



டிராம் வண்டி நமக்குப் புதியதன்று. சிங்கப்பூர்த் தெருக்களில் 1905-ஆம் ஆண்டு முதல் 1927-ஆம் ஆண்டு வரை மின்சார டிராம் ஓடியது. பினாங்கில் 1906-ஆம் ஆண்டில் தொடங்கிய மின்சார டிராம் 1936-ஆம் ஆண்டு வரை ஓடியது. சென்னையிலோ 1895-ஆம் ஆண்டு தொடங்கி 1953-ஆம் ஆண்டு வரை அது நகர மக்களைச் சுமந்தது. இந்த ஊர்களில் அந்த டிராம் நின்றுவிட்டது. ஆனால் மெல்பர்ன், பெர்லின், பிராக், மான்செஸ்டர் முதலிய நகரங்களில் இன்றும் டிராம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அத்தகைய நகரம் ஒன்றில் சாலைச் சந்திப்பில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு விந்தை தென்படும். நமக்குப் பழக்கமான சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகளுக்கு அருகில் தனியே ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் வண்ணமே இராது. வெள்ளைக் கோடு ஒன்று படுத்திருக்கும். சற்று நேரத்தில் அது மறைந்து, இன்னொரு வெள்ளைக் கோடு நிமிர்ந்து நிற்கும். உடனே டிராம் புறப்பட்டுப் போகும். பாதையோரக் கம்பங்களில் எண்களும் எழுத்துகளும் கட்டங்களும் தொங்கும். வண்டியில் ஏறும் பயணிக்கு இவற்றின் பொருள் தெரிய வேண்டியதில்லை. வண்டியை ஓட்டுபவருக்கோ இவையே கட்டளை, இவையே எச்சரிக்கை. இந்தக் குறிமொழி எப்படி அமைந்திருக்கிறது, அதில் ஒரு சிறு குறை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு கேள்வி. டிராமுக்கு மட்டும் எதற்காகத் தனி மொழி? சாலையிலுள்ள விளக்குகளே போதாவா?

டிராம் என்பது பாதி இரயில், பாதி பேருந்து. இரயிலைப் போல அது தண்டவாளத்தை விட்டு விலக முடியாது. பேருந்தைப் போல மக்கள் நடமாடும் தெருவில் அது ஓட வேண்டும். எதிரே ஒரு குழந்தை ஓடிவந்தால் கார் ஓட்டுபவர் வண்டியைச் சற்று ஒடித்துத் திருப்பலாம். டிராம் ஓட்டுநருக்கு அந்த வழி இல்லை. மேலும், எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் உருள்கிறது. ரப்பர்ச் சக்கரம் தார்ச் சாலையைப் பற்றிக்கொள்வதுபோல எஃகு எஃகைப் பற்றுவதில்லை. மழை பெய்தால் பிடிப்பு இன்னும் குறையும். ஆகவே நிற்பதற்கு டிராமுக்குக் கூடுதல் தூரம் வேண்டும். டிராம் ஓட்டுநருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவருக்கு மட்டுமே சொல்ல வேண்டும், ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தேவையிலிருந்துதான் அந்தத் தனி மொழி பிறந்தது.

இந்த மொழியின் முதல் இலக்கணம், ஒருவருக்குச் சொன்னது மற்றவர் காதில் விழுந்து குழப்பக்கூடாது என்பதாகும். டிராமுக்குப் பச்சை விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நிற்கும் கார் ஓட்டுநர் அதைத் தமக்கென்று எண்ணிப் புறப்பட்டால் விபத்துதான். எனவே டிராம் விளக்கில் வண்ணத்தை நீக்கிவிட்டு, வடிவத்தைப் பேச வைத்தார்கள்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அங்கே டிராம்களுக்கென்று நாடு முழுமைக்கும் பொதுவான விதித்தொகுப்பு ஒன்று உண்டு. இப்போதுள்ள தொகுப்பு 1987-ஆம் ஆண்டில் வெளியானது. அதில் ஒவ்வொரு விளக்குக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர் இருக்கிறது. 'எஃப் 0' என்றால் படுத்த கோடு. நில் என்பது அதன் பொருள். 'எஃப் 1' என்றால் நிமிர்ந்த கோடு. நேராகச் செல்லலாம். 'எஃப் 2' வலப்பக்கம் சாய்ந்த கோடு, 'எஃப் 3' இடப்பக்கம் சாய்ந்த கோடு. கோடு சாய்ந்த பக்கம் வண்டி திரும்பலாம். 'எஃப் 4' ஒரு வெள்ளைப் புள்ளி. நில் என்ற கட்டளை வரப்போகிறது என்று அது முன்னறிவிக்கிறது. 'எஃப் 5' தலைகீழ் முக்கோணம். செல்லலாம், ஆனால் முன்னுரிமை உள்ள பிற வண்டிகளுக்கு வழிவிட வேண்டும்.

இதில் ஓர் அழகு இருப்பதைக் கவனியுங்கள். குறுக்கே கிடக்கும் கோடு, பாதையின் குறுக்கே போட்ட தடிபோல இருக்கிறது. நிமிர்ந்த கோடு நேரே நீளும் பாதைபோல இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் பொருள் விளங்குகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் உலகில் பலர் இருக்கிறார்கள். கோடு படுத்திருக்கிறதா, நிற்கிறதா என்பதை அறிய நிறம் தேவையில்லை.

இங்கிலாந்திலும் இதே முறைதான். அங்கே வேகப் பலகையிலும் இந்த வேறுபாட்டைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கார்களுக்குரிய வேக எல்லை சிவப்பு வளையமிட்ட வட்டப் பலகையில் மைல் கணக்கில் இருக்கும். டிராமுக்குரிய வேக எல்லையோ சாய்சதுரப் பலகையில் இருக்கும். லண்டனின் தென்பகுதியில் உள்ள கிராய்டன் டிராம் பாதையில் அந்த எண் கிலோமீட்டர் கணக்கில் உள்ளது. சாய்சதுரத்தைக் கண்டால் கார் ஓட்டுநர் இது தமக்கல்ல என்று விட்டுவிடலாம். மெல்பர்ன் நகரில் கோட்டுக்குப் பதிலாக வெள்ளை நிறத்தில் 'டி' என்ற ஆங்கில எழுத்தே ஒளிர்கிறது. டிராமின் முதல் எழுத்து அது. சிங்கப்பூரில் சில சந்திப்புகளில் பேருந்துக்காக 'பி' என்ற எழுத்து ஒளிர்வதைக் கண்டிருப்பீர்கள். அதன் தத்துவமும் இதுவே.

இனி வண்டிகளுக்கு இட்ட சுருக்கப் பெயர்களைப் பார்ப்போம். செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் தாத்ரா தொழிற்சாலையில் உருவான 'டி 3' என்ற டிராம் பதின்மூவாயிரத்துக்கும் அதிகமாக உற்பத்தியானது. மோட்டார் உள்ள வண்டிக்கு 'டி' என்ற எழுத்து, பின்னால் இழுத்துச் செல்லும் வண்டிக்கு 'பி' என்ற எழுத்து, நடுவில் மூட்டு வைத்து வளையும் வண்டிக்கு 'கே' என்ற எழுத்து. எந்த நாட்டுக்காகச் செய்தார்கள் என்பதைக் கடைசி எழுத்து சொல்லும். ஜெர்மனிக்குச் சென்றவற்றுக்கு 'டி' என்ற இன்னோர் எழுத்தும், சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றவற்றுக்கு 'எஸ் யூ' என்ற எழுத்துகளும் சேர்ந்தன. 1991-ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் என்ற நாடே கலைந்துவிட்டது. வண்டிகளின் பெயரில் அந்த எழுத்துகள் தங்கிவிட்டன.

பழுது பார்ப்பவருக்கு இந்தச் சுருக்கெழுத்து பெரிய உதவி. பெயரைப் படித்த உடனே அது எவ்வகை வண்டி, எந்த உதிரிப் பாகம் பொருந்தும் என்று அவர் அறிந்துகொள்கிறார்.

இந்த மொழியின் இரண்டாவது இலக்கணத்துக்கு வருவோம். குறி தவறிப்போனாலும், அந்தத் தவறு ஆபத்தில் கொண்டுவிடாமல் பாதுகாப்பான பக்கம் விழ வேண்டும்.

இதற்கு நம் வாழ்விலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். பேருந்தில் கண்டக்டர் மணியடித்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிரிட்டிஷ் டிராம்களிலும் பேருந்துகளிலும் வழங்கிய வழக்கம் அது. ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு மணி அடித்தால் புறப்படு. ஏன் மாற்றி வைக்கக்கூடாது? ஒரு மணிக்குப் புறப்படு, இரண்டு மணிக்கு நிறுத்து என்றிருந்தால் என்ன? நினைத்துப் பாருங்கள். கண்டக்டர் இரண்டு மணி அடிக்கிறார். தெரு இரைச்சலில் ஒன்று மட்டுமே ஓட்டுநர் காதில் விழுகிறது. இப்போதுள்ள முறைப்படி வண்டி நிற்கும். சிறிது தாமதம், அவ்வளவுதான். மாற்றி வைத்திருந்தால், நிற்க வேண்டிய வண்டி புறப்பட்டுவிடும். படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்கும் மூதாட்டியின் கதி என்ன?

தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்திலும் இதே எண்ணம்தான். பாதை எந்தப் பக்கம் திருப்பப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் சிறு விளக்கு அங்கே இருக்கும். அது தெளிவாகத் தெரியாவிட்டால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, தம் கண்ணால் தண்டவாளத்தைப் பார்த்த பிறகே கடக்க வேண்டும். இது இத்தொழிலின் அரிச்சுவடி.

மூன்றாவது இலக்கணம்தான் மிக முக்கியமானது. குறி சரியாக இருந்தால் மட்டும் போதாது. படிப்பவர் செயல்பட நேரம் இருக்கும்போதே அது கண்ணில் பட வேண்டும். இந்தப் பாடத்தை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றது.

நாம் சற்று முன் குறிப்பிட்ட கிராய்டன் டிராம் பாதை 2000-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதில் சாண்டிலண்ட்ஸ் என்ற இடத்தில், சுரங்கப் பாதையைக் கடந்ததும் கூர்மையான வளைவு ஒன்று உண்டு. வளைவுக்கு முந்திய நேர்ப்பாதையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லலாம் என்று 2016-ஆம் ஆண்டில் இருந்தது. வளைவில் 20 கிலோமீட்டர்தான் எல்லை. 2016-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், விடிவதற்கு முன், இருளிலும் கொட்டும் மழையிலும் ஒரு டிராம் அந்த வளைவை நெருங்கியது. வளைவில் நுழைந்தபோது அதன் வேகம் மணிக்கு 73 கிலோமீட்டர். வண்டி தடம் புரண்டு கவிழ்ந்தது. வேலைக்குப் புறப்பட்டவர்களில் 7 பேர் உயிரிழந்தனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

விபத்தை ஆராய்ந்த குழுவினர், தாம் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வை ஓட்டுநர் சிறிது நேரம் இழந்திருந்தார் என்றும், கணநேரத் தூக்கம் அதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்றும் கூறினர். ஆனால் அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. குறிகளையும் ஆராய்ந்தார்கள். வளைவின் தொடக்கத்தில் 20 என்ற சாய்சதுரப் பலகை இருந்தது. எண் சரி, வடிவம் சரி, விதிப்படி எல்லாம் சரி. ஆனால் இருளில் அந்தப் பலகையைப் படிக்கும் தூரத்துக்கு வந்தபோது, வழக்கமான பிரேக்கைப் போட்டு வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் ஏற்கெனவே கடந்துபோயிருக்கும். எந்த இடத்தில் பிரேக் போடத் தொடங்க வேண்டும் என்று சொல்ல ஒரு குறியும் இல்லை. பாதையை நன்கறிந்த ஓட்டுநர் அடையாளங்களை வைத்துத் தாமே தெரிந்துகொள்வார் என்று விட்டிருந்தார்கள்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மணிக்கு 73 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர். மூன்று விநாடிகளுக்குள் வண்டி 60 மீட்டர் போய்விடுகிறது. இந்த வேகத்தில், எல்லை தொடங்கும் இடத்தில் நட்ட பலகை எல்லையை அறிவிக்கிறதே தவிர, யாரையும் காப்பாற்றுவதில்லை.

விபத்துக்குப் பின் அங்கே செய்த மாற்றங்கள் இதைத் தெளிவாக்குகின்றன. வேகத்தை 80-லிருந்து ஒரேயடியாக 20-க்குக் குறைக்கச் சொல்லாமல், படிப்படியாகக் குறைக்கும்படி இடையிலே கூடுதல் வேகப் பலகைகளை வைத்தார்கள். வளைவைத் தொலைவிலிருந்தே காட்டும் அம்புமுனைப் பலகைகளை நட்டார்கள். வேகம் மீறினால் வண்டியைத் தானே நிறுத்தும் கருவியையும் பின்னர்ப் பொருத்தினார்கள். 2023-ஆம் ஆண்டில் இந்த வழக்குகள் முடிவுக்கு வந்தன. ஓட்டுநர் குற்றவாளியல்லர் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தனர். பாதைக்குப் பொறுப்பான அமைப்புக்கும், வண்டிகளை இயக்கிய நிறுவனத்துக்கும் சேர்த்து 14 மில்லியன் பவுன் அபராதம் விதிக்கப்பட்டது.

ஆகவே நேயர்களே, ஒரு நல்ல குறிக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு என்று கண்டோம். பிறரைக் குழப்பாமல் உரியவரிடம் பேச வேண்டும். தவறினாலும் பாதுகாப்பான பக்கமே தவற வேண்டும். காலத்தால் பேச வேண்டும். முதல் இரண்டை அறிவு கொண்டு வகுத்துவிடலாம். மூன்றாவதற்குக் குறியை நடுபவர் தாமே ஓட்டுநரின் இருக்கையில் அமர்ந்து, இரவிலும் மழையிலும் களைத்த கண்களோடும் அந்தப் பாதையைப் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலைகளிலும் தோட்டங்களிலும் கட்டட வேலையிடங்களிலும் எச்சரிக்கைப் பலகை வைக்கும் பொறுப்பு உங்களில் பலருக்கு இருக்கும். பலகையில் என்ன எழுதுவது என்று சிந்திப்பதோடு, அதைப் படித்தவர் நின்று திரும்ப இடம் இருக்கிறதா என்றும் ஒருமுறை நடந்து பாருங்கள். பள்ளத்தின் விளிம்பில் இருக்கும் பலகையைப் பத்தடி முன்னால் நகர்த்தி வைக்கச் செலவு ஒன்றும் இல்லை.