மடியும் ஆசனமும்



மகப்பேற்று விடுதியிலிருந்து தாயையும் சேயையும் வீட்டுக்கு அழைத்துவரும் நாள் எந்தக் குடும்பத்துக்கும் ஒரு திருநாள். வீட்டில் வெந்நீர் காய்கிறது; தொட்டில் கட்டப்படுகிறது; கண்ணூறு படாதிருக்கக் கன்னத்திற் பொட்டு இடப்படுகிறது. இத்தனை கவனத்துக்கும் நடுவே, வைத்தியசாலை வாயிலிலிருந்து வீட்டு வாயில்வரை அக்குழந்தை எவ்வாறு வரப்போகிறது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பாட்டியின் மடி இருக்கிறதே என்று அமைதி கொள்கிறோம். அந்த மடியைப் பற்றியும், வாகனத்தில் அதன் இடத்தைப் பெறவேண்டிய சிறிய ஆசனத்தைப் பற்றியுமே இன்று பேச விரும்புகிறேன்.

மடியைக் குறைத்துப் பேசுகிறேன் என்று தாய்மார் கோபிக்கலாகாது. வீட்டில் அதற்கு இணையில்லை. ஓடும் வாகனத்திலோ அது துணை செய்யாது. காரணத்தை ஒரு சிறு கணக்காற் காட்டலாம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் ஓடும்போது அதனுள் இருப்போர் அனைவரும் அதே வேகத்திற் செல்கின்றனர். மோதிய வாகனம் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துள் நின்றுவிடுமாயின், 5 கிலோகிராம் நிறையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்துவதற்கு ஏறத்தாழ 70 கிலோகிராம் மூட்டையைத் தாங்கும் வலிமை வேண்டும். ஏந்தியிருப்பவரே முன்னோக்கி எறியப்படும் அக்கணத்தில் எந்தக் கைக்கு அவ்வலிமை உண்டு? தாயையும் சேயையும் ஒரே ஆசனப்பட்டியாற் பிணைப்பதோ இன்னும் கொடியது. தாயின் உடற்பாரம் முழுவதும் குழந்தையை நசுக்கிவிடும்.

வேகம் இருமடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகிறது. 2011ஆம் ஆண்டில் தெற்கு அதிவேகப் பாதை திறக்கப்பட்டபின், மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திற் பயணம் செய்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஆதலின் இக்கணக்கு நமக்கும் உரியதே.

இனி, சிசுவின் ஆசனம் ஏன் பின்னோக்கி அமைய வேண்டும் என்பதைப் பார்ப்போம். பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. அதைத் தாங்கும் கழுத்தோ இன்னும் உரம் பெறாதது. முன்னோக்கி இருக்கும் சிசுவின் உடலை வார்கள் தடுத்து நிறுத்தினாலும், பாரமான தலை முன்னே பாய்ந்து கழுத்தை இழுக்கும். பின்னோக்கி இருந்தாலோ, தலை, கழுத்து, முதுகு ஆகிய மூன்றும் ஒருங்கே ஆசனத்தில் அழுந்த, விசை எங்கும் பரந்துவிடுகிறது. சுவீடன் நாட்டு அறிஞர் பேர்ட்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர் முதுகைச் சாய்த்திருந்து விசையைத் தாங்கும் முறையைக் கண்டு, 1960களில் இத்தகைய ஆசனத்தை வகுத்தார். ஆசனத்துக்கு வகுக்கப்பட்ட நிறை, உயர எல்லையை எட்டும்வரை, இயன்ற அளவு நீண்ட காலம் குழந்தையைப் பின்னோக்கியே இருத்துமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

ஆசனத்தைத் தெரிவு செய்கையில் விலையையும் நிறத்தையும் பின்னர்ப் பாருங்கள். குழந்தையின் நிறைக்கும் உயரத்துக்கும் அது ஏற்றதா என்பதே முதற் கேள்வி. அடுத்து, தரச் சான்று இருக்கிறதா என்று நோக்குங்கள். ஐரோப்பிய ஒழுங்குவிதியின்படி அமைந்தவற்றிற் செம்மஞ்சள் நிறச் சீட்டும், வட்டத்துள் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தும், 44 அல்லது 129 என்னும் விதி இலக்கமும் காணப்படும். பிந்திய விதி 2013இல் நடைமுறைக்கு வந்தது. 15 மாதம் கடக்கும்வரை குழந்தை பின்னோக்கியே இருக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. அமெரிக்க ஆசனங்களில் அந்நாட்டின் 213ஆம் இலக்க நியமம் குறிக்கப்பட்டிருக்கும். மூன்றாவதாக, நமது வாகனத்தில் அது இறுகப் பொருந்துமா என்று வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

உறவினர் கொடுக்கும் பழைய ஆசனத்தைப் பற்றி ஒரு சொல். அது விபத்திற் சிக்கியதா என்று கூச்சமின்றிக் கேளுங்கள். கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பு உள்ளே இருக்கக்கூடும். பயன்படுத்தும் காலவெல்லை கடந்ததாயினும், வரலாறு தெரியாததாயினும், நன்றி கூறி விலக்கிவிடுவதே நன்று.

பொருத்தும் முறையில் நான் செய்த பிழையையே எடுத்துக் கூறுகிறேன். என் பேத்தியை அழைத்துவருவதற்கு முதல்நாள், ஆசனத்தை நானே பொருத்திவிட்டுப் பெருமிதத்தோடு நின்றேன். விடயமறிந்த நண்பர் ஒருவர் வந்து, பட்டி செல்லும் இடத்திற் பிடித்து அசைத்தார். அது ஒரு சாண் நகர்ந்தது! அவ்விடத்தில் ஓர் அங்குலத்துக்குமேல் எப்பக்கமும் நகரலாகாது என்பதை அன்றுதான் அறிந்தேன். முழங்காலால் அழுத்திப் பட்டியை இழுத்து இறுக்கியபின்னரே அது நிலைத்தது. ஐசோபிக்ஸ் எனப்படும் கொளுவிகள் உள்ள வாகனமாயின் வேலை எளிது. எனினும் அசைத்துப் பார்ப்பதை விடலாகாது.

ஆசனத்தைப் பின்னிருக்கையிலேயே பொருத்துங்கள். இயங்கும் காற்றுப்பைக்கு முன்னால், பின்னோக்கிய ஆசனத்தை ஒருபோதும் வைக்கலாகாது; விரியும் பை அறைவது குழந்தையின் தலைக்கு நேரே. சாய்வு, உற்பத்தியாளர் குறித்த அளவில் இருத்தல் வேண்டும். மிக நிமிர்ந்திருந்தால் தலை முன்னே கவிழ்ந்து மூச்சுத் தடைப்படும். தோள் வார்கள் குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வரவேண்டும். தோளருகே விரல்களாற் கிள்ளினால் வார் மடிப்பாக அகப்படலாகாது. நம்மவர் குழந்தையைத் துணியாற் சுற்றியே எடுத்துச் செல்வர். அத்துணியை அவிழ்த்து, வாரை முதலில் மாட்டி, பின்பு மேலே போர்த்துங்கள். வெயிலில் நின்ற வாகனமாயின் கொக்கியைத் தொட்டுப் பாருங்கள்; அது மென்தோலைச் சுட்டுவிடும். நெடும் பயணத்தில் இரண்டு மணிக்கொருமுறை நிறுத்திக் குழந்தையை வெளியே எடுங்கள். மூடிய வாகனத்தில் ஒரு நிமிடமேனும் தனியே விடாதீர்கள்.

முச்சக்கர வண்டியையே நம்பியிருப்போர் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பது நியாயம். தக்க பட்டியில்லாத வண்டியில் இவ்வாசனம் பயன்படாது. வசதிக் குறைவு குற்றமன்று. ஆயினும் இயன்றபோது கார் ஒன்றை அமர்த்துங்கள். இயலாதபோது மெதுவாகச் செல்லுமாறு சாரதியிடம் உறுதியாகக் கூறுங்கள்.

என் பேத்தி வீடு வந்த நாளில், "பச்சைக் குழந்தையைக் கட்டி வைப்பதா?" என்று என் மனைவி கண் கலங்கினார். குழந்தையும் சிறிது அழுதது. அவர் அருகிலமர்ந்து தம் விரலை நீட்ட, அது பற்றிக்கொண்டு உறங்கிவிட்டது. வீடு வந்ததும் முதல் வேலையாக மடியிலே ஏந்திக்கொண்டார். மடி எங்கும் போய்விடவில்லை, நேயர்களே; பயணம் முடியும்வரை காத்திருந்தது, அவ்வளவே.