கொத்துப்பட்ட கோழியும் கொல்லாமை விரதமும்



சமண அவையில் கோழியைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் புன்னகை செய்யக்கூடும். ஆயினும் தமிழ்ச் சமணர்க்குக் கோழி புதிய பொருள் அன்று. யசோதர காவியம் முழுவதும் ஒரு கோழியின் மேல்தான் நிற்கிறது. அதுவும் உயிருள்ள கோழி அன்று. மாவினால் செய்த கோழி. தாய் சந்திரமதியின் சொல்லுக்கு இணங்கி அதைப் பலியிட்ட யசோதரன், தாயோடு சேர்ந்து மயிலாகவும் நாயாகவும் மீனாகவும் ஆடாகவும் பிறந்து பிறந்து வருந்திய கதையைப் பாட்டிமார் வாயிலாகக் கேளாத தமிழ்ச் சமணக் குழந்தை அரிது.

கதை சொல்வோர் பெரும்பாலும் மாக்கோழியோடு நின்றுவிடுவர். இறுதியில் வரும் உயிருள்ள கோழிகளை விரைந்து கடந்துவிடுவர். தாயும் மகனும் கடைசி விலங்குப் பிறவியில் கோழிகளாகப் பிறந்தனர், முனிவர் உரைத்த அறத்தைக் கேட்டுப் பழம்பிறப்பு உணர்ந்தனர், உவகையால் கூவினர். அக்குரலைக் கேட்ட அரசன் யசோமதி, ஒலி வந்த திசை நோக்கி எய்யும் தன் வில்திறத்தைத் தேவிக்குக் காட்ட விரும்பி அம்பு தொடுத்தான். மாண்ட இருவரும் அத்தேவியின் வயிற்றிலேயே அபயருசி, அபயமதி என்னும் இரட்டையராகப் பிறந்தனர். அறத்தைக் கேட்கவும் ஏற்கவும் வல்ல, மனமுள்ள ஐம்பொறி உயிர் கோழி என்பது இக்கதையில் உட்கிடை.

சமண இல்லங்களில் கோழி வளர்ப்பது இல்லை. ஆனால் இன்று தமிழ்ச் சமணக் குடும்பங்கள் வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பகுதிகளோடு நின்றுவிடவில்லை. பணியின் பொருட்டுப் பல மாவட்டங்களில் வாழ்கின்றன. அங்கே அண்டை வீட்டார் கோழி வளர்ப்பர். "இது இனித் தேறாது, அறுத்துவிடலாம்" என்று அவர்கள் சொல்லும்போது, "எங்களிடம் கொடுத்துவிடுங்கள்" என்று சமண வீட்டு அம்மா கை நீட்டுவது இயல்பே. நீட்டிய கையில் கோழி வந்த பிறகு செய்ய வேண்டியது என்ன என்பதே இவ்வுரையின் பொருள்.

எடுத்துக்காட்டுக்குத் திண்டுக்கல் மாவட்டத்தைக் கொள்ளலாம். சமணர்க்கு அது அயல் நாடு அன்று. பழனிக்கு அருகில் உள்ள ஐவர்மலையில், கி.பி. 870இல் வரகுண பாண்டியன் காலத்தில், குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் உருவங்களையும் புதுக்கிய செய்தி கல்லில் இருக்கிறது. (பார்சுவநாதரின் இயக்கி பத்மாவதிக்குக் குக்குட சர்ப்பம், அதாவது கோழித்தலைப் பாம்பு, ஊர்தி என்பர், அது தனியே பேச வேண்டிய செய்தி.) அதே மாவட்டத்தின் சமவெளியில், செம்பட்டிக்கும் ஆத்தூருக்கும் அருகில் இருக்கும் நெல்விளையும் ஊர் சித்தையன்கோட்டை. அத்தகைய ஊர்களில் கொல்லைப்புறத்தில் நாட்டுக்கோழிகள் மேய்வதும், திண்ணை ஓரத்தில் மூங்கில் பஞ்சாரம் கவிழ்ந்து கிடப்பதும் அன்றாடக் காட்சி.

விடியற்காலையில் அத்தகைய கொல்லை ஒன்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். குருணை இறைத்தவுடன் ஒரு பெட்டை முதலில் வரும். அதற்கு அடுத்தது ஒதுங்கி நிற்கும். கடைசிக் கோழி எல்லாவற்றுக்கும் வழிவிட்டு வேலியோரம் நிற்கும். நார்வே நாட்டு அறிஞர் தோர்லெய்ப் ஷெல்டெருப் எப்பே, சிறுவயது முதலே கோழிகளைக் கண்டு குறிப்பெழுதி வந்தவர், 1921ஆம் ஆண்டளவில் இதற்குக் 'கொத்து வரிசை' என்னும் பொருள்படப் பெயரிட்டார். வரிசை அமைந்துவிட்ட கூட்டத்தில் சண்டை குறைவு. ஒரு பார்வையே போதும். வரிசை குலையும்போதுதான் துன்பம். புதிய கோழி வருதல், இடம் நெருக்கமாதல், தீனித்தட்டு ஒன்றே இருத்தல், ஒன்று நோயுறுதல் ஆகியவை அதற்குக் காரணம். சேவல் மிதித்து மிதித்து முதுகுச் சிறகு உதிர்ந்த பெட்டையும் இதற்கு இலக்காகும். தோலில் ஒரு துளி இரத்தம் தெரிந்துவிட்டால் போதும். அச்சிவப்பு மற்றக் கோழிகளை ஈர்க்கும். ஒன்று கொத்திய இடத்தையே அனைத்தும் கொத்தும். கோழிக்கு இதில் வஞ்சம் இல்லை. ஆனால் கொத்துப்படுவதன் வலி வஞ்சம் இன்மையால் குறைந்துவிடுவதும் இல்லை.

தத்துவார்த்த சூத்திரம் கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். கொத்துப்பட்ட கோழியின் நிலையை இவற்றோடு வைத்துப் பார்த்தால் பொருத்தம் விளங்கும். அடிபடுகிறது, தோலும் கொண்டையும் சிதைகின்றன, எல்லாவற்றினும் கொடியது, அது உணவுக்கும் நீருக்கும் அணுக முடியாமை. காயத்தால் சாகும் கோழிகளோடு, காயத்துக்கு அஞ்சி மூலையில் பதுங்கி உண்ணாமல் சாகும் கோழிகளையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பெரும் பண்ணைத்தொழில் இக்கொத்துதலுக்குக் கண்ட தீர்வு அலகின் நுனியைச் சுட்டு வெட்டுதல். அலகில் நரம்பு உண்டு. அது வெறும் நகம் அன்று. கூண்டு, அலகு வெட்டு ஆகியவற்றைக் குறித்து இந்திய சட்ட ஆணையமே 2017இல் தன் 269ஆம் அறிக்கையில் ஆராய்ந்தது. ஐந்து அதிசாரங்களில் முதலாவதும் மூன்றாவதும் ஒரு தொழிலின் அன்றாட நடைமுறையாகிவிட்டன என்பதே உண்மை. கொல்லைக்கோழிக்கு அவ்வழி வேண்டுவதில்லை.

காயத்தைப் பேணுதல் கடினம் அன்று. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து, வெதுவெதுப்பாகக் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசலாம். மஞ்சள் பூச்சு சிவப்பை மறைப்பது கூடுதல் நன்மை. மனிதர்க்குரிய வலிமாத்திரையும் மரப்புக் களிம்பும் மருத்துவரைக் கேளாமல் தரலாகாது. தசை தெரியும் அளவு ஆழமான புண் என்றால் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்வதே முறை. 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியையும் அழைக்கலாம். கோழி கொத்துப்பட்டதற்கு நோயே காரணமாகவும் இருக்கக்கூடும். வெள்ளைக்கழிச்சல் போன்ற தொற்று இருப்பின் பிரித்து வைக்கும் முறையே வேறு. ஆகவே எச்சம், மூச்சு, சிறகடியில் பேன் ஆகிய மூன்றையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

சமண இல்லத்துக்கே உரிய ஓர் இடர்ப்பாடு இங்கு எழுகிறது. திறந்த புண்ணில் ஈ மொய்க்கும். வெயில் நாளில் ஒரு நாளுக்குள் முட்டை பொரித்துப் புழு நெளியும். புழுவை எடுத்தால் அவ்வுயிர்க்குத் தீங்கு. எடுக்காவிடில் கோழி உயிரோடு அரிக்கப்படும். இரண்டில் எது குறைந்த தீமை என்று பிறகு வாதிடுவதைவிட, அந்நிலை வாராமல் காப்பதே விரதத்துக்கு உகந்தது. முதல் நாளே புண்ணைக் கழுவி எண்ணெய் பூசுதல், பஞ்சாரத்தின் மேல் கொசுவலைத் துணி போர்த்துதல், எச்சத்தை இருவேளையும் அகற்றுதல் ஆகியன கோழியையும் காக்கும். வீணே தோன்றி மடியவிருந்த சிற்றுயிர்களையும் காக்கும். மாலையில் தீனித்தட்டை எடுத்துவிட்டால் எறும்பும் மொய்க்காது. பொழுது சாய்ந்தபின் கோழி உண்பதில்லை. அவ்வகையில் அது இல்லத்தாரோடு ஒத்த விரதி.

அதன் உணவு முழுதும் ஒத்தது என்று சொல்வதற்கில்லை. மண்ணைக் கிளறிப் பூச்சியைத் தின்பது கோழியின் இயல்பு. கிராமத்தில் குஞ்சுகளுக்குக் கறையான் பிடித்துப் போடுவதும் வழக்கம். சமண வீட்டார் அதைச் செய்யார். கம்பு, சோளம், குருணை, கீரை போதும்.

இனி, பஞ்சாரத்துக்கு வருவோம். காயம்பட்ட கோழியைப் பஞ்சாரத்தில் அடைப்பது கட்டுதல் என்னும் அதிசாரம் ஆகாதா என்று ஒரு சிராவகி கேட்டால், அது தக்க கேள்வியே. பூச்சியபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில், ஓர் உயிர் தான் விரும்பும் இடத்துக்குச் செல்வதைத் தடுப்பதே கட்டுதல் என்று விளக்குகிறார். இவ்விளக்கத்தைக் கோழிக்குப் பொருத்திப் பார்த்தால் விடை எளிதாகிறது. காயம்பட்ட கோழி விரும்பும் இடம் எது? பஞ்சாரத்தைத் தனியறையில் வைத்தால் அது நாள் முழுதும் கத்தும். கொத்திய கோழிகளின் குரல் கேட்கும் பக்கமே அலகை நீட்டி நிற்கும். கூட்டமே அதன் விருப்பமான இடம். தில்லி செங்கோட்டைக்கு எதிரே இலால் மந்திரில் சமணர் நடத்தும் பறவை மருத்துவமனையில் தேறிய புறாவை வானில் விட்டுவிடலாம். நாட்டுக்கோழிக்கு அவ்வாறு செல்ல வானம் இல்லை. காயம் ஆறும்வரை அடைத்தல் காவல். ஆறிய பின்னும் "அங்கே விட்டால் மீண்டும் கொத்துமே" என்று அன்பினால் தனியே வைத்திருத்தல் கட்டுதல்.

எனவே பஞ்சாரத்தை முதல் நாளிலிருந்தே கூட்டம் மேயும் இடத்திலேயே, நிழலில் வைக்க வேண்டும். மற்றக் கோழிகள் அதைக் காணும். மூங்கில் சட்டத்தின் இருபுறமும் ஒரே நேரத்தில் தீனி இறைத்தால் சேர்ந்து உண்ணும் பழக்கம் அறாது. சில வாரங்கள் கண்ணில் படாத கோழியைக் கூட்டம் புதியதாகவே கருதும். பழைய வரிசையில் அதற்கு இடம் இராது.

இரத்தம் நின்று, தோல் மூடி, முளைச்சிறகு தோன்றியதும் திருப்பி விடலாம். இங்கேதான் பொறுமை தேவை. பெரும்பாலும் கொத்துவது கூட்டம் முழுவதும் அன்று, ஒன்றோ இரண்டோ. முதலில் அவற்றைப் பிடித்துச் சில நாள் வேறு பஞ்சாரத்தில், கூட்டத்தின் கண்ணுக்கு மறைவாக வைக்க வேண்டும். தண்டனையாக அன்று, தீனியும் நீரும் குறையாமல். அவ்விடைவெளியில் மெலிந்த கோழி சாந்தமான ஓரிரு பெட்டைகளோடு மேயும். தனித்துத் திரும்பும் கோழியைவிடத் துணையோடு திரும்பும் கோழிக்குக் கொத்து குறைவு. அடக்கமற்றவை திரும்பி வரும்போது அவையே சற்றுப் புதியவை ஆகிவிடுகின்றன. முன்போல் முதலிடம் உடனே கிட்டாது.

தீனித்தட்டு இரண்டு, நீர்ச்சட்டி இரண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாத இடத்தில் வைத்தல் நலம். சாய்த்து வைத்த பழைய கதவோ தென்னங்கீற்றோ இருந்தால் துரத்தப்படும் கோழிக்குப் புகலிடம் ஆகும். மூலையாக முடியும் புகலிடம் கூடாது. இருபுறமும் வழி வேண்டும். மண் குளிக்க உலர்ந்த சாம்பல் கலந்த புழுதிக்குழி ஒன்று இருந்தால், ஒரே குழியில் சிறகு விரித்துக் கிடக்கும்போது கோழிகள் பகையை மறந்துவிடுவதைக் காணலாம்.

கூட்டத்தில் சேர்க்க ஏற்ற பொழுது மாலை. எல்லாம் அடைந்து கண் மங்கிய பிறகு மெல்ல அதே கம்பின் மேல் ஏற்றி வைத்தால், விடியும்போது அனைத்தும் ஒன்றாகவே இறங்கும். ஆயினும் மறுநாள் விடியுமுன் ஒருவர் கொல்லையில் இருக்க வேண்டும். சிறு துரத்தலும் ஓரிரு கொத்தும் நேரும். அதில் கை நுழைக்கலாகாது, வரிசை அமைவதற்கு அது வேண்டும். மீண்டும் இரத்தம் தெரிந்தாலோ, ஒரு கோழி நீரருகே போகவே அஞ்சினாலோ, அப்போதுதான் தடுத்துப் பஞ்சாரத்துக்கு மீட்க வேண்டும். சில கோழிகளுக்கு இது இரண்டு மூன்று முறை நேரும்.

திரும்பிய கோழி பெரும்பாலும் கடைசி இடத்திலேயே இருக்கும். அது உண்கிறதா என்பதைப் பகலில் கண்டுபிடிப்பது அரிது. அருகில் சென்றாலே கலைந்துவிடும். இரவில் கம்பின் மேல் உறங்கும்போது கழுத்தின் அடியில் விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். தீனிப்பை உருண்டு நிறைந்திருந்தால் அன்று வயிறார உண்டது என்று பொருள். தளர்ந்து வெறுமையாக இருந்தால், மறுநாள் காலை வேலியோரம் மூன்றாவது தட்டு ஒன்றை வைக்க வேண்டும்.