இருட்டில் பாடமாக்கியவை



தொண்ணூறுகளில் கொக்குவிலில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கில் ஒரு பாடம் வாசிப்போம். பிறகு எண்ணெயை மிச்சம் பிடிக்க விளக்கை நூர்த்துவிட்டு, இருட்டில் ஒருத்தியை ஒருத்தி கேள்வி கேட்போம். 1995 ஒக்டோபரில் இடம்பெயர்ந்தபோது புத்தகங்கள் வீட்டோடு போயின. தென்மராட்சியில் எங்களிடம் மிஞ்சியது அப்படிப் பாடமாக்கியதுதான். மருத்துவபீடத்திலும் கைகொடுத்தது அந்தப் பழக்கமே.

2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடத்தின் பின் கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்களே முந்தினார்கள்.

தங்கச்சிமாரே, வாசித்ததும் புத்தகத்தை மூடி, ஞாபகமுள்ளதை எழுதுங்கள். மறுநாளும் அடுத்த கிழமையும் திரும்ப எழுதுங்கள். சோதனைக்கு முதல்நாள் நன்றாக நித்திரை கொள்ளுங்கள். படித்தது உறுதிப்படுவதற்கு நித்திரையும் வேண்டும். எல்லாரும் சித்தியடைய வாழ்த்துகிறோம்.