தறியின் பக்கம் நின்று: காஷ்மீர் கம்பள நெசவின் நலிவும் மீட்சியும்

கீழைநாட்டுக் கம்பளம் என்றதும் அரண்மனையும் அருங்காட்சியகமும் நினைவுக்கு வருவது இயல்பு. தறியின் பக்கம் நின்று அதன் வரலாற்றைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

காஷ்மீரில் இக்கலை 15ஆம் நூற்றாண்டில், சுல்தான் ஜைனுல் ஆபிதீன் காலத்தில் வேரூன்றியதாக மரபு கூறுகிறது. பின்னர் அது நலிந்தது. சால்வை நெசவே மேலோங்கியது. டோக்ரா மன்னராட்சியின் சால்வை வரித்துறை நெசவாளர்களைக் கசக்கிப் பிழிந்தது. அதை எதிர்த்து, 1865 ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகரின் ஜால்டகரில் அவர்கள் திரண்டெழுந்தனர். படை ஏவப்பட்டது. 28 பேர் மாண்டனர்; அவர்களுள் பலர் நீரில் மூழ்கி இறந்தவர்கள். மே தினத்துக்கு வித்திட்ட சிகாகோ போராட்டத்துக்கு 21 ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்தது இது.

அடுத்து வந்தது பிரெஞ்சு-பிரஷ்யப் போர் (1870-71). காஷ்மீர் சால்வையின் முதன்மைச் சந்தையாக இருந்த பிரான்சு வீழ்ந்தது, தறிகள் ஓய்ந்தன. வேலையிழந்த நெசவாளர்களை ஐரோப்பிய வணிகர்கள் ஸ்ரீநகரில் கம்பளத் தறிகளில் அமர்த்தினர். ‘மீட்சி’ என்று போற்றப்படுவது இதுவே. தேர்ந்த கைகள் மலிவாகக் கிடைத்த இடத்தில் வணிக மூலதனம் முளைத்தது.

ஆயினும் மூலதனம் படைக்காத ஒன்று அங்கிருந்தது. அதுதான் ‘தாலீம்’. எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்பதைக் குறியீடுகளாக எழுதிய ஏடு அது. ஒருவர் அதை ஓத, தறியில் அமர்ந்தோர் முடிச்சிடுவர். சால்வை நெசவாளர் தலைமுறைகளாகப் பேணிய இவ்வறிவே கம்பளத்துக்கு இடம்பெயர்ந்தது.

உழைப்பின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சதுர அங்குலத்துக்கு 324 முடிச்சுகள் கொண்ட, 3 அடிக்கு 5 அடிக் கம்பளத்தில் ஏறத்தாழ 7 லட்சம் முடிச்சுகள் உள்ளன. ஒருவர் நாளொன்றுக்கு 7 ஆயிரம் முடிச்சுகள் இட்டாலும் 100 நாள்கள் வேண்டும். அந்த 100 நாள்களின் பயனில் பெரும்பங்கு தறியைச் சேருவதில்லை. நூலும் தாலீமும் முன்பணமும் தருகின்ற வணிகரே விலையையும் வைக்கிறார். இளையோர் தறியை விட்டு அகல்வதில் வியப்பென்ன?

இன்று புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. 2022இல் அறிமுகமான க்யூஆர் முத்திரை, போலிகளிலிருந்து அசல் கம்பளத்தைப் பிரித்துக் காட்டுகிறது. நெசவாளரின் விவரத்தையும் தாங்குகிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், பெயர் பொறிப்பது கூலியை உயர்த்திவிடாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, தொலைவிலுள்ள சந்தையை நம்பி வாழும் நெசவாளரின் நிலை 1870இல் இருந்ததுபோலவே இருப்பது புலப்பட்டது.

ஆகவே, கூட்டுறவின் வழியே நூலும் கடனும், முடிச்சுக் கணக்கை அடிப்படையாகக் கொண்ட குறைந்தபட்சக் கூலி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பு ஆகியவையே உண்மையான மீட்சியின் உள்ளடக்கம். கம்பளம் பிழைத்தால் போதாது தோழர்களே. அதை நெய்பவர் வாழ வேண்டும்.