அவசர வாழ்வில் மனத்தைப் பேணுதல்

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மனநலம் என்ற தலைப்பைக் கேட்டதும் நம்மில் சிலர் இது வேறு யாருக்கோ உரிய பேச்சு என்று எண்ணக்கூடும். அப்படி அன்று. நள்ளிரவு தாண்டிப் படகு தள்ளுகிறவர், விடியுமுன் மீன் கூடையோடு புதுச்சேரிக்கு வண்டி ஏறுகிற தாய், வெயில் ஏறுவதற்குள் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரி முடிக்க வேண்டியவர், கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் இரவு வேலை பார்க்கும் பிள்ளை, இவர்களின் மனம் எப்படியிருக்கிறது என்பதைப் பற்றியே இன்று பேசப்போகிறோம். உடம்பு எவ்வளவு சுமக்கும் என்று நமக்குத் தெரியும். மனம் எவ்வளவு சுமக்கும் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

நம் முன்னோர் மனநலம் என்று தனியே பேசியதில்லை. ஆயினும் கடலிலிருந்து வந்தபின் மணலில் நிழல் பார்த்து உட்கார்ந்து, கிழிந்த வலையைச் சரிசெய்து கொண்டே நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். கைக்கு வேலை, வாய்க்குப் பேச்சு, பக்கத்தில் ஆள். வீட்டுச் சண்டையும் கடன் கவலையும் அங்கே தாமாக வெளியே வந்தன. அந்தக் காலத்தில் துன்பமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கடனும் குடியும் அன்றும் இருந்தன. ஆனால் துன்பத்தை இறக்கி வைக்க ஓர் இடம் இருந்தது.

அந்த இடம் என்னாயிற்று? புதுச்சேரித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1980களின் இறுதியில் கட்டி முடிந்தன. நம் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. புதுச்சேரி நகரைக் காக்கக் கல் கொட்டியபின் அரிப்பு கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வடக்கே ஏறி வந்தது. இடிந்த வீடுகளை அதிகாரிகள் எண்ணினார்கள். நாம் உட்கார்ந்து பேசிய மணல் போனதை எவரும் எண்ணவில்லை.

2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமிக்குப்பின், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மருத்துவர்கள் நம் தமிழகத்தில் பாதிக்கப்பட்ட மீனவர்கள், இல்லத்தரசிகள், ஊர்த் தலைவர்கள், இளைஞர்கள் ஆகியோரிடம் நீங்கள் எவ்வாறு தேறி வந்தீர்கள் என்று கேட்டு ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 2008இல் வெளியாயிற்று. மக்கள் பெரிதாகச் சொன்னது மருந்தையோ ஆலோசனை முகாமையோ அன்று. தங்கள் மனவுறுதியையும், உறவையும், ஊரையும், இறைநம்பிக்கையையுமே சொன்னார்கள். மருத்துவரே எழுதி வைத்த முடிவு இது. மருத்துவம் வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. அதற்குப் பின்னால் வருவோம்.

ஜிம்பாப்வே நாட்டு ஹராரே நகரில் 2006 முதல் ஓர் ஏற்பாடு நடந்து வருகிறது. சுகாதார நிலையத்து வளாகத்தில் ஒரு மரப் பெஞ்சு. அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். மனம் நொந்தவர் வந்து பக்கத்தில் அமர்ந்து பேசுவார். அந்நாட்டார் தம் மொழியில் மனச்சோர்வைக் குறிக்கும் சொல்லுக்கு ‘மிதமிஞ்சி யோசித்தல்’ என்பது பொருளாம். நம் வீடுகளிலும் இதைத்தானே சொல்கிறோம், ‘அவளுக்கு எந்நேரமும் ஒரே யோசனை’ என்று! நம் ஊரில் பாட்டிமாருக்கும் பஞ்சமில்லை, திண்ணைக்கும் முழுப் பஞ்சம் வந்துவிடவில்லை. வாரத்தில் ஒரு மாலை, அன்பியக் கூட்டம் முடிந்தபின் உடனே கலையாமல் அரை மணி உட்கார்ந்திருந்தால் போதும். ஒரே நிபந்தனை: அங்கே கேட்டது அங்கேயே நிற்க வேண்டும். அடுத்த நாள் தண்ணீர்க் குழாயடியில் அது பேச்சானால், அதன்பின் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அடுத்தது உறக்கம். அரசர்கள் முதல் நூலில் எலியாவைப் பற்றிப் படித்திருக்கிறோம். அவர் களைத்து, உயிர் போதும் என்று சொல்லிப் பாலைவனத்தில் ஒரு செடியடியில் படுத்துவிட்டார். வானதூதர் வந்து அவருக்கு அறிவுரை கூறவில்லை; சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மீண்டும் தூங்கவிட்டார். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். மனம் தளர்ந்தவரைக் கண்டதும் நாம் செய்வது என்ன? முதலில் அறிவுரையைத்தான் அவிழ்க்கிறோம்.

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 7 மணி நேரமாவது உறக்கம் வேண்டும். இரவில் பிழைப்புக்கு எழுகிறவருக்கு ஒரே மூச்சில் அது கிடைக்காது. முன்னிரவில் பாதியும் பகலில் பாதியுமாகத்தான் கிடைக்கும். அப்படியானால் அந்தப் பகல் தூக்கத்தையும் நாள்தோறும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அறையை இருட்டாக்க வேண்டும். அவ்வேளையில் வீட்டார் தொலைக்காட்சியை அடக்கி வைக்க வேண்டும். மாலைக்குப்பின் தேநீர் வேண்டாம். கைப்பேசி தலைமாட்டில் வேண்டாம். அது வீட்டின் அந்த மூலையில் கிடக்கட்டும்.

இதில் மிகவும் நட்டப்படுகிறவர்கள் தாய்மார்களே. எல்லாரும் உண்டபின் உண்டு, எல்லாரும் படுத்தபின் படுத்து, எல்லாருக்கும் முன் எழுகிறார்கள். அதற்கு மேல் மகளிர் குழுத் தவணைக் கணக்கும் அவர்கள் தலையில்தான். ‘அம்மா எரிந்து எரிந்து விழுகிறாள்’ என்று பிள்ளைகள் குறைப்படுவதைக் கேட்கிறோம். அந்த வீட்டில் இரவுப் பாத்திரங்களை வேறொருவர் கழுவி, அம்மாவை ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்க விட்டால் என்ன? மந்திரம் போல் எல்லாம் மாறிவிடாது. ஆனால் ஒரு மாதம் செய்து பார்க்கலாம். ஆண்மக்கள் கை தேய்ந்து போகாது!

வேலை மிகுந்த நாட்களைப் போலவே வேலையற்ற நாட்களும் மனத்துக்கு ஆபத்தானவை. 2017 முதல் நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாட்கள். உப்பளத்தாருக்கு மழைக்காலம் அப்படி. எழ நேரமில்லை, குளிக்க நேரமில்லை, பேச ஆளில்லை என்று ஒரு மனிதர் கிடந்தால், ‘மனசு சரியான பிறகு எழுந்திருப்பேன்’ என்பார். உண்மையில் வழி மாறித்தான் போகிறது: முதலில் எழுந்து ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும், மனம் பின்னாலேயே வரும். கோவா மாநிலத்தில் கடும் மனச்சோர்வு கொண்டவர்களிடம் இம்முறையைச் சோதித்தார்கள். மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண மக்களே ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார்ந்து, சிறு சிறு செயல்களைத் திட்டமிட்டுச் செய்ய நோயாளிகளுக்குத் துணை நின்றார்கள். 2017இல் வெளியான முடிவுப்படி, மூன்று மாதத்தில் இவ்வாறு துணை பெற்றவர்களில் 100க்கு 64 பேர் மனச்சோர்விலிருந்து மீண்டனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 பேர். ஆகவே தடைக்காலத்திலும் வழக்கமான நேரத்தில் எழுதல், கரையோரம் அரை மணி நடை, படகுக்கு வர்ணம், பிள்ளையைப் பள்ளிக்கு விடுதல் என்று நாளுக்கு ஒரு எலும்புக்கூடு இருக்கட்டும்.

குடியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையில் மனநலம் பேச முடியாது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 10க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. விஷச் சாராயம் ஒருபுறமிருக்க, கடைச் சரக்கும் நம்மை ஏமாற்றுகிறது. ‘அசதிக்கு’, ‘தூக்கத்துக்கு’ என்று குடிக்கிறார்கள். குடித்தவுடன் கண் சொருகும். பின்னிரவில் அதுவே தூக்கத்தைக் கலைத்துவிடும். மறுநாள் மனம் முன்னிலும் தாழ்ந்திருக்கும். அதைத் தூக்க மறுபடி குடி. பல ஆண்டுகளாக நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று தாமாக நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து, வலிப்பு வரலாம். மருத்துவரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும். இது தெரியாமல் வீட்டில் பூட்டி வைக்கிறவர்கள் உண்டு.

இனிச் சற்றுக் கடினமான பேச்சு. ‘நான் இருந்து என்ன பயன்’, ‘எல்லாருக்கும் பாரமாகிவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால், ‘சும்மா இரு, பைத்தியம் மாதிரிப் பேசாதே’ என்று வாயை அடைக்கிறோம். அடைக்க வேண்டாம். ‘அக்கா, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் புகுந்துவிடாது. கேட்க ஓர் ஆள் இருக்கிறதே என்ற ஆறுதல்தான் வரும். ‘ஆமாம்’ என்றால் அன்றிரவு அவரைத் தனியே விடக்கூடாது. பூச்சி மருந்து, எலி மருந்து முதலியவற்றை வீட்டைவிட்டே அப்புறப்படுத்த வேண்டும்.

மானம் போய்விடும், போலீஸ் வழக்கு வரும், கோவிலில் அடக்கம் கிடைக்காது என்ற அச்சங்களால் குடும்பங்கள் மூடி மறைக்கின்றன. தற்கொலை செய்துகொண்டவருக்குத் திருச்சபை அடக்கச் சடங்கு மறுத்து வந்த பழைய விதி 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் இடம்பெறவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவரைப் பராமரிக்க வேண்டும் என்கிறது. ஆதலால் பிழைத்தவரை மறைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமும் உணவும் கெட்டு, எதிலும் பற்றில்லாமல் ஒருவர் இருந்தால் திண்ணைப் பேச்சு மட்டும் போதாது. 2022 அக்டோபர் முதல் மத்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசி 14416 இரவும் பகலும் கிடைக்கிறது; கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். நேரில் காட்ட நமக்கு அருகில் புதுச்சேரி ஜிப்மரிலும், மாவட்டத்தில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். காலையிலேயே புறப்படுவது நல்லது. நோயாளியைத் தனியே அனுப்ப வேண்டாம். வீட்டில் ஆள் இல்லையென்றால் அன்பியத்திலிருந்து ஒருவர் அன்றைய வேலையை விட்டுவிட்டுக் கூடப் போகட்டும். போகும்போது ஏற்கெனவே சாப்பிடும் மருந்துச் சீட்டுகளையும் கையில் எடுத்துச் செல்ல வேண்டும்.